மல்லரின் தனிப்பிடி

தோடி என்றவுடன் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் நாகசுரம் நம் செவியில் ஒலிக்கிறது. தோடியை அவர் ஆக்கவில்லை, அவருக்கு முன்னும் எத்தனையோ வித்துவான்கள் அதை வாசித்தார்கள், பின்னும் வாசிக்கிறார்கள். ஆயினும் அந்த இராகத்தின்மேல் அவருக்கு ஒரு பாத்தியதை ஏற்பட்டுவிட்டது. பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை; கேட்டவர்கள் கொடுத்த பாத்தியதை அது.

மற்போர்க்களத்திலும் இப்படிப்பட்ட பாத்தியதைகள் உண்டு. பிடி ஒன்றுதான், பலரும் அறிந்ததுதான். ஆனால் ஒருவன் அதைப் போடும்போது, "இது இன்னாருடைய பிடி" என்று கூட்டம் ஆரவாரிக்கிறது. அதைத் தனிப்பிடி என்று அழைப்போம். மற்போரையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தத் தனிப்பிடி எவ்வாறு அமைகிறது? ஒரே நாளில் தோன்றியதா, ஆற்றுக் கூழாங்கல்லைப் போல ஆண்டுக்கணக்கில் உருண்டு உருண்டு வழவழப்பானதா? இதைத்தான் இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

மற்போரின் வரலாறு என்றால் பஞ்சாபுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். போகத்தான் போகிறோம். ஆனால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தார் முதலில் தங்கள் ஊர்த் திண்ணையிலிருந்தே தொடங்கலாம். 1855ஆம் ஆண்டில் பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் கேட்டவர். அரியலூர் இன்று ஒரு மாவட்டத்தின் தலைநகர். குன்னமும் செங்கணமும் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளவை. அந்தத் திண்ணைகளில் நிகண்டும் சதகமும் யாப்பும் கற்ற சிறுவர், பின்னாளில் ஏடு தேடி அலைந்து, 1894ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றினார். அந்த நூலுக்குள்ளே, செல்லுக்கும் நெருப்புக்கும் தப்பி, ஒரு மற்போர் இருந்தது.

போரிட்டவர்களில் ஒருவன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி. சோழர் குடியில் பிறந்தவன். உறையூரில் ஆண்ட தித்தன் அவனுடைய தந்தை என்பர். இருவருக்கும் மனவேறுபாடு இருந்தது. எதிர்த்தவன் ஆமூரைச் சேர்ந்த மல்லன். ஆமூர் என்ற பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பல. முசிறிப் பக்கத்திலும் ஓர் ஆமூர் உண்டு. சாத்தந்தையார் என்ற புலவர் அந்தப் போரை நேரில் நின்று பார்த்தவர் போலப் பாடுகிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனுடைய மார்பை அழுத்தியது. மற்றொரு கால், மல்லன் செய்ய வந்த உபாயத்தைத் தடுத்துக்கொண்டு அவன் முதுகுப்புறமாகச் சென்றது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போல, தலையும் காலுமாகிய இரு முனையும் முறியும்படி அவன் மோதினான் என்று உவமை சொல்லி, இந்த வெற்றியைத் தித்தன் காணவேண்டும், மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, என்று முடிக்கிறார்.

பாட்டில் நயம் பார்ப்பவர்கள் தந்தை, மகன் பிணக்கைப் பார்ப்பார்கள். எனக்கோ அந்த இரண்டு கால்களின்மேல்தான் கண் செல்கிறது. மார்பில் காலை ஊன்றினால் கீழே கிடப்பவன் என்ன செய்வான்? புரண்டு எழப் பார்ப்பான். அல்லது ஊன்றிய காலைப் பற்றித் தள்ளப் பார்ப்பான். அது அவனுடைய விடை. அந்த விடைக்கு மறுவிடை, இரண்டாவது காலில் ஆயத்தமாக இருக்கிறது. எதிரி எப்படித் தப்புவான் என்பதை முன்கூட்டியே அறிந்து, தப்பும் வழியைப் பிடிக்குள்ளேயே அடைத்துவைத்த பிடி இது. முதல்நாள் போட்ட பிடி இவ்வாறு இராது. இதற்கு முன் எத்தனையோ பேர் அவன் ஒற்றைக் காலிலிருந்து நழுவிப் போயிருக்க வேண்டும். அவர்கள் நழுவிய ஒவ்வொரு வழியையும் அந்த இரண்டாவது கால் கற்றுக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

அதே புலவர் வேறொரு பாட்டில் போரின் விரைவைச் சொல்ல ஓர் உவமை காட்டுகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது; வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம்; மழை கொட்டுகிறது; பொழுதோ சாய்கிறது. இந்த நெருக்கடியில் கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடும்! அவ்வளவு விரைவாக நடந்ததாம் அந்த மற்போர். மின்னல் என்றோ காற்று என்றோ சொல்லாமல் கைத்தொழிலாளியின் ஊசியைச் சொன்னாரே, அதில்தான் புலவரின் கண் தெரிகிறது. புதிதாகப் பின்னுபவன் அவசரப்பட்டால் வார் சிக்கிக்கொள்ளும். பல்லாயிரம் முறை பின்னிய கைதான் அவசரத்திலும் பிழையாமல் ஓடும். ஊசி போகும் வழியில் வேண்டாத அசைவு ஒன்றும் இராது. இருந்த அசைவையெல்லாம் பழக்கம் உதிர்த்துவிட்டிருக்கும். மல்லனின் பிடி சீர்ப்படுவதும் இவ்வகையிலேதான். புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டு அது வளர்வதில்லை. வேண்டாததை உதறி உதறி வளர்கிறது.

பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவரும் இதே கிள்ளியைப் பாடியிருக்கிறார். கூழை உண்டும் அவன் பருத்த தோளுடையவன் என்கிறார். வென்றான் என்று ஒரு சாராரும் வெல்லவில்லை என்று மற்றொரு சாராரும் கூச்சலிட, சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தம் வீட்டுப் பனைமரத்தைப் பற்றிக்கொண்டு நின்று அவன் வெற்றியைத் தாம் கண்டதாகச் சொல்கிறார். பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டால், அங்கே வெறும் சண்டை நடக்கவில்லை, காட்சியும் நடக்கிறது என்று பொருள். காட்சி என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றுக்கு 'மல்' என்றே பெயர். வாணன் என்னும் அசுரனைத் திருமால் மல்லனாக நின்று வென்றதை நடித்துக்காட்டும் கூத்து அது. மெய்யான மற்போரும் ஆடிக்காட்டும் மற்போரும் நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே அருகருகே வாழ்ந்தன. தொலைக்காட்சி மல்லரைப் பார்த்து "இது போரா, கூத்தா?" என்று இன்று கேட்கிறோம், இளங்கோவடிகள் காலத்தார் இந்தக் கேள்விக்குத் திகைத்திருக்க மாட்டார்கள்.

இடைக்காலத்துக்கு விரைந்து செல்வோம். கலியாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், சுமார் 1130ஆம் ஆண்டளவில் எழுதிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் மல்லர்களை வகைப்படுத்தி, அவர்களுடைய உணவு, பயிற்சி, பிடிகள் பற்றிக் கூறுகிறான். குசராத்தில் மற்போரையே குலத்தொழிலாகக் கொண்ட சேட்டிமல்லர்களின் மல்லபுராணம் 1964இல் பரோடாவிலிருந்து அச்சாகி வந்தது. விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தோமிங்கோ பாயஸ், கிருட்டிணதேவராயர் விடியுமுன்பே நல்லெண்ணெய் குடித்து, உடம்பெங்கும் எண்ணெய் தேய்த்து, எடை தூக்கி, வாள் பழகி, பின்னர்த் தம் மல்லர்களுள் ஒருவனோடு மற்போர் செய்வார் என்று எழுதிவைத்தார். மன்னரை மண்ணில் வீழ்த்த அந்த மல்லனுக்குத் துணிவு இருந்திருக்குமா என்று பாயஸ் சொல்லவில்லை.

இந்நூல்கள் பிடிகளுக்குப் பெயர் சொல்கின்றன. ஆனால் பிடி எப்படி மாறிவந்தது என்பதை நூலில் தேடிப் பயனில்லை. அது கோதாவின் மண்ணில் கிடக்கிறது. குஸ்தி, பயில்வான், கோதா, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்ற சொற்கள் எல்லாம் நம் ஊர்களிலும் வழங்கியவை. வடநாட்டில் 'தோபி பாட்' என்று ஒரு வீச்சு உண்டு. துணி வெளுப்பவர் துணியைத் தோளுக்கு மேலே சுழற்றிக் கல்லில் அடிப்பதுபோல, எதிரியின் கையைப் பற்றி, முதுகைக் கொடுத்து, தோள்வழியே வீசுவது. படித்துறையில் கண்ட ஓர் அசைவு கோதாவுக்கு வந்த கதை அது. நாள்தோறும் ஒருவர் செய்யும் வேலையிலிருந்து பிடியைக் கற்றவர்கள் நம்மவர்கள்.

இனி, மண்ணிலிருந்து எழுந்து உலகை வலம்வந்த ஒருவரைப் பார்ப்போம். காமா என்று பெயர் பெற்ற குலாம் முகம்மது. 1910ஆம் ஆண்டில் இவர் இலண்டன் மாநகருக்குச் சென்றார். ஆள் குள்ளம் என்று போட்டியில் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். எந்த எடையுடைய மூவரையும் அரைமணி நேரத்துக்குள் வீழ்த்துவதாக அவர் அறைகூவல் விட்டார். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை எளிதில் வென்றார். பின்னர் 1910 செப்டம்பர் 10ஆம் நாள், போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவுக்கும் அவருக்கும் போர் நடந்தது.

போர் என்று சொன்னேன். தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். ஆனால் கீழே விழுந்த ஸிபிஸ்கோ எழவே இல்லை. தரைவிரிப்போடு விரிப்பாக, குப்புற ஒட்டிக்கொண்டு கிடந்தார். முதுகு தரையில் பட்டால்தானே தோல்வி? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காமா அவரைப் புரட்டப் பார்த்தார், முடியவில்லை. வெற்றி தோல்வி இல்லை என்று நிறுத்தினார்கள். மறுவாரம் மீண்டும் பொரவேண்டிய நாளில் ஸிபிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கே கிடைத்தது. மிகப் பெரிய மல்லரின் மிகச் சிறந்த வீச்சுகள் எல்லாம், எதிரி நின்றுகொண்டிருப்பான் என்று நம்பி அமைந்தவை. படுத்துவிட்ட எதிரிக்கு அவற்றில் விடை இல்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1928 சனவரியில் பட்டியாலா மன்னர் ஏற்பாட்டில் இருவரும் மறுபடி சந்தித்தனர். காமாவுக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது; ஸிபிஸ்கோவும் இளைஞர் அல்லர். இம்முறை போர் ஒரு நிமிடங்கூட நீடிக்கவில்லை. கைகலந்த சில நொடிகளிலேயே போலந்து மல்லர் மல்லாந்து கிடந்தார். தரைவிரிப்பு போய்ச் சொந்த மண் வந்தது காமாவுக்குத் துணைதான், அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய மாறுதல் வேறு. எதிரி தரையை அடைந்து ஒட்டிக்கொள்ள இடைவெளி தந்ததுதான் இலண்டனில் வந்த வினை. பட்டியாலாவில் அந்த இடைவெளியே இல்லை; பிடித்ததும் வீழ்த்தியதும் ஒன்றாகவே நிகழ்ந்தன. இரண்டரை மணி நேரத்துப் பாடம் சில நொடிகளுக்குள் அடங்கிவிட்டது. கட்டில் பின்னுபவனின் ஊசி நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில் அதே காலத்தில் இரண்டு பெயர்கள் புகழ்பெற்றன. ஒருவர் நெபிராஸ்கா மாநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளை ஜோ ஸ்டெச்சர். இவருடைய தனிப்பிடி கால்கத்தரி; எதிரியின் இடுப்பை இரு தொடைகளுக்கிடையே சிக்கவைத்து நெருக்குவது. தானிய மூட்டைகளைக் கால்களால் நெருக்கிப் பழகினார் என்றும், மூட்டை வெடிக்கும்வரை விடமாட்டார் என்றும் சொல்வார்கள். பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோள வியாபாரிகள் இதைக் கேட்டால், மூட்டைக்கு யார் பணம் கொடுத்தது என்று முதலில் கேட்பார்கள். மற்றவர் எட் லூயிஸ். இவருடைய பிடி தலைப்பூட்டு. எதிரியின் தலையைக் கக்கத்தில் அடக்கி இறுக்குவது. மரத்தால் மனிதத் தலைபோலச் செய்து, இரண்டாகப் பிளந்து, இடையே வலிய சுருள்வில்களை வைத்து, அதை நாள்தோறும் நெருக்கிப் பழகினார். மூட்டையும் மரத்தலையும் அவர்களுக்கு ஆசான்களாயின. அவை களைப்படையா, கெஞ்சா, ஏமாற்றா. ஒரே அசைவை ஆயிரம் முறை செய்ய இவற்றைவிடத் தக்க துணை ஏது?

இவ்விருவரும் 1916 சூலை 4ஆம் நாள் ஒமாகா நகரில் மோதினார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! காலையும் தலையையும் ஒருவருக்கொருவர் எட்டவிடாமல் காத்துக்கொண்டே பொழுதைப் போக்கினார்கள். முடிவு, வெற்றி தோல்வி இல்லை. பின்னர் 1920 டிசம்பரில் நியூயார்க்கில் லூயிசின் தலைப்பூட்டு வென்றது. ஆனால் ஒமாகாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஆறுதலாகுமா?

தொழில்முறை மற்போர் தன் வழியை மாற்றிக்கொண்டதற்கு இத்தகைய நீண்ட போர்கள் ஒரு பெருங்காரணம். பிடியும் எதிர்ப்பிடியும் முழுவதும் சீர்ப்பட்டுவிட்டால், பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மல்லர்கள் இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்களுக்குள்ளே பெரும் போர் நடக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கியவனோ கொட்டாவி விடுகிறான். 1920களில் லூயிசும், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்ற மல்லரும் சேர்ந்து ஆட்டத்துக்குக் காலவரம்பு வைத்தார்கள். துள்ளலும் வீச்சும் புகுத்தினார்கள். முடிவையும் முன்னரே வகுத்தார்கள். (நம் நாட்டுப் பயில்வான்கள் தம் பெயருக்குமுன் சாண்டோ என்று சேர்த்துக்கொண்டதற்குக் காரணமான யூஜீன் சாண்டோ வேறு, இவர் வேறு.) மல், மாதவியின் மல்லாடலாகத் திரும்பிவந்தது எனலாம்.

இந்தப் புதுவகை மற்போர் கடல் கடந்து நம்மிடமும் வந்தது. அங்கேரி வழியில் வந்த கிங்காங் என்னும் எமில் சாயாவும், அமிர்தசரசைச் சேர்ந்த தாராசிங்கும் சிங்கப்பூர், மலேயா நகரங்களில் பெயர் பெற்று, இந்திய நகரங்களிலும் சென்னையிலும் மோதினார்கள். மலைபோன்ற கிங்காங்கின் தனிமுறை, எதிரியின்மேல் தன் எடை முழுவதையும் போட்டு விழுவது. அவ்வளவு பெரிய உடலைத் தாராசிங் தலைக்குமேல் தூக்கி எறிந்தார் என்ற செய்தி ஊர் ஊராகப் பரவி, அது நடந்த மைதானத்தைக் கண்ணால் காணாத கிராமங்களிலும் கதையாயிற்று. தாராசிங் 1968 மே மாதத்தில் பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரை வென்று உலகப் பட்டம் பெற்றார், 2012இல் மறைந்தார். கிங்காங் 1970இல் கார் விபத்தில் மாண்டுவிட்டார். ஒருவருடைய தனிப்பிடி மற்றவருடைய உடலால்தான் பெயர் பெற்றது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். கிங்காங் இல்லையென்றால் தாராசிங்கின் தூக்குக்கு மதிப்பேது?

தொண்ணூறுகளில் வீடுதோறும் தொலைக்காட்சி வந்தபின், பள்ளிப் பிள்ளைகளிடையே மல்லர்களின் படம் அச்சிட்ட சீட்டுகள் புழங்கத் தொடங்கின. சோழ மன்னர்களை வரிசையாகச் சொல்லத் தடுமாறுகிற பையன், அமெரிக்க மல்லர்களின் உயரம், எடை, தனிப்பிடி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நினைவாற்றல் எங்கே செலவாகிறது என்பது மட்டுமே வேறுபாடு. வருத்தம் தந்தது வேறொன்று. மதிய இடைவேளையில் மணலில் ஒருவனை ஒருவன் தூக்கிப் போடுவார்கள். "எல்லாம் நடிப்புதானே ஐயா, ஒன்றும் ஆகாது" என்பார்கள். முடிவு வகுக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் தரை மெய்யானது, கழுத்தெலும்பும் மெய்யானது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்காகவே, அந்தத் தொலைக்காட்சி மல்லர்களின் பிடிகள் எப்படி உருவாயின என்று நான் தேடிப் படித்தேன்.

தேடியபோது தெரிந்தது, அங்கேயும் பிடிகள் தேய்ந்தே உருப்பெறுகின்றன என்பது. தேய்ப்பது எது என்பதில்தான் வேறுபாடு. சில பிடிகள் தற்செயலாய்ப் பிறந்தவை. ஜேக் ராபர்ட்ஸ் என்பவர் எதிரியின் தலையைக் கக்கத்தில் பற்றியிருந்தபோது, எதிரி கால்தவறித் தள்ள, இருவரும் விழுந்தார்கள். எதிரியின் தலை முன்னே தரையில் மோதியதுபோல் கூட்டத்துக்குத் தோன்றிற்று. கூட்டம் மூச்சடைத்து நின்றது. அந்தத் தடுமாற்றத்தையே அவர் பழகிப் பழகித் தம் தனிப்பிடி ஆக்கி, டி.டி.டி. என்று பெயரிட்டார். சில பிடிகள் கைமாறிக் கைமாறி வந்தவை. சப்பானில் ஆடிய ஜான் லாரினைடிஸ், எதிரியின் தலையைத் தன் தோள்மேல் அணைத்துக்கொண்டு தரையில் விழும் ஒரு பிடியைக் கையாண்டார். டைமண்ட் டல்லஸ் பேஜ் அதைப் பெற்று, எந்த நிலையில் நின்றாலும் எதிர்பாராமல் போடும்படி வளைத்தார். பின்வந்த ராண்டி ஆர்ட்டன், துள்ளி எழுந்து அந்தரத்தில் கிடைநிலையில் நீண்டு விழும்படி அதை மாற்றினார். மூன்று தலைமுறையில் ஒரே பிடிக்கு மூன்று பெயர். ஒவ்வொரு முறையும் முன்னேற்பாடு குறைந்தது, கண்ணுக்குத் தெரிவது கூடியது. இமாசலப் பிரதேசத்தில் பிறந்த காலி என்னும் தலீப் சிங் ராணா ஏழடிக்கு மேற்பட்டவர். விரைந்து அசைய இயலாதவர். அவருக்கு அமைந்த பிடியோ, நின்ற இடத்தில் நின்று இரு உள்ளங்கையாலும் எதிரியின் மண்டையை நெருக்குவது. 2007இல் அவர் பெரும்பட்டம் பெற்றபோது அந்தக் கைகளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். உடம்பு தனக்கு ஏற்ற பிடியைத் தானே தெரிந்துகொள்கிறது.

வெற்றி முன்னரே வகுக்கப்பட்டபின், எதிரியை வெல்லும் வழியைக் கூர்மையாக்கவேண்டிய தேவை இல்லை. கூர்மையாக்க வேண்டியது இரண்டு: கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பிடி விளங்கவேண்டும், பிடிபட்டவன் மறுநாளும் ஆட வேண்டும். ஆமூர் மல்லனின் முதுகுப்புறம் சென்ற கால் அவன் தப்பும் வழியை அடைத்தது. இந்தக் காலத்து மல்லனுடைய இரண்டாவது காலோ எதிரியைத் தாங்கவேண்டும். கண்ணுக்கு அது எதிரியை நொறுக்குவதாகத் தோன்ற வேண்டும். உள்ளே அது ஓர் ஏந்தலாக இருக்க வேண்டும். இதைச் செம்மையாய்ச் செய்வது, முன்னோர் செய்ததைவிட எளிது என்று நான் நினைக்கவில்லை.

செம்மை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்டு 3ஆம் நாள் சான்று. ஸ்டீவ் ஆஸ்டினும் ஓவன் ஹார்ட்டும் ஆடினார்கள். எதிரியைத் தலைகீழாகத் தூக்கி அணைத்துத் தரையை நோக்கி இறக்கும் பிடி ஒன்று வந்தது. இதில் தூக்கியவன் முழங்காலிட்டு இறங்கினால், பிடிபட்டவனின் தலை தொடைகளுக்கிடையே தரைக்கு மேலேயே நிற்கும். உட்கார்ந்த நிலையில் இறங்கினால் தலைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடம் அற்றுப்போகும். ஹார்ட் உட்கார்ந்து இறங்கினார். ஆஸ்டினின் கழுத்து கடுமையாகக் காயமுற்றது. சிறிது நேரம் கைகால்கள் அசையவில்லை. பின்னர் அவர் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. கழுத்துக்கு வேலை தரும் பிடிகளை விட்டு, அடிதடி ஆட்டத்துக்குப் போனார். 2000த்தில் கழுத்தில் அறுவை செய்துகொண்டு, 2003இல் ஓய்வு பெற்றார். அந்தப் பிடியை அந்நிறுவனம் ஓரிருவர் தவிர மற்ற எவரும் போடலாகாது என்று விலக்கியது.

விலை கொடுப்பவன் பிடிபட்டவன் மட்டும் அல்லன். ஹல்க் ஹோகன் என்னும் பெரும்புகழ் மல்லரின் தனிப்பிடி, துள்ளி எழுந்து, கீழே கிடப்பவன் கழுத்தின்மேல் காலை நீட்டியபடி விழுவது. விழும்போது தரையில் மோதியது அவருடைய இடுப்பே. இரவுதோறும், ஊர்தோறும், ஆண்டுக்கணக்கில் அவர் அப்படி விழுந்தார். முதுகிலும் இடுப்பிலும் பல அறுவைகள் நேர்ந்தபின், இதற்குப் பதிலாகத் தூங்கவைக்கும் கழுத்துப்பிடி ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அவரே சொன்னார். கழுத்துப்பிடிக்கு மூங்கில்போல நின்றால் போதும். ஆனால் கூட்டம் துள்ளலைத்தான் கேட்டது. அவர் 2025இல் காலமானார்.

விலக்கிய பிடியைத் தொடர்ந்து போட இசைவு பெற்ற மிகச் சிலருள் ஒருவர் அண்டர்டேக்கர் என்ற பெயரில் ஆடிய மார்க் காலவே. 1990இலிருந்து 2020வரை முப்பது ஆண்டுகள் ஆடிய அவருடைய தனிப்பிடி அது. எதிரியைத் தலைகீழாகத் தூக்குவார். இடுப்பை இரு கைகளாலும் தழுவிக்கொள்வார். கூட்டம் எழுந்து நிற்கும். அவர் ஒருபோதும் விரைந்ததில்லை. பிடியை இறுக்குவார், எதிரியின் தலை தம் முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று தொடையால் உணர்ந்துகொள்வார், பின்னர்தான் மண்டியிடுவார். அரங்கம் அதிரும் அந்த ஓசையில், தரையில் மோதியது எதிரியின் தலை என்று எல்லாரும் எண்ணுவார்கள். மோதியது தூக்கியவருடைய இரண்டு முழங்கால்கள்.